எந்தப் பட்டம்?

சேசு மரி சூசை துணை

கடத்தூர்
10 அக்டோபர் 1943

தம்பி அருள்நாதனுக்கு அக்காள் லூர்தம்மாள் எழுதுவது.

இங்கே நான், உன் மச்சான் சவரிராயன், அப்பா எல்லோரும் சுகம். பெண் பிள்ளை பிறந்து இன்றோடு இருபத்தாறு நாள். மூக்கு நம் செத்துப்போன அம்மாவின் மூக்கு என்று அப்பா சொல்கிறார். எனக்கு இன்னும் மூக்கு தெரியவில்லை, வாய்தான் தெரிகிறது. கத்தினால் சந்தைமேடு வரை கேட்கிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். முந்தின இரண்டும் வயிற்றிலேயே போன பிறகு வேளாங்கண்ணி மாதாவிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன் மச்சானிடம்கூட. இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தால், குருமடத்தில் படிக்கிற என் தம்பி கையால்தான் இதற்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றவேண்டும், பேரும் அவன்தான் வைக்கவேண்டும் என்று. ஆகையால் இது இன்னும் வெறும் பாப்பாதான்.

கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணாம் நாளே கொண்டாரணும்னு தெரியாதாம்மா உனக்கு? பச்சப்புள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மோட்சமும் இல்ல, கல்லறையில எடமும் இல்ல" என்றார். ஆனாலும் மாதாவிடம் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? நீ குருமடத்துக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. பட்டம் எப்போது என்று தேதி மட்டும் எழுது. அதுவரை நான் தாக்குப்பிடிப்பேன்.

குருமடத்துப் பெரிய சாமியார் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார் என்று போன வருஷம் எழுதினாயே, அதனால் இதையும் உன் சிநேகிதர் ராஜப்பன் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

உன் அக்காள்
லூர்தம்மாள்


பெங்களூர்
24 அக்டோபர் 1943
(எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டது)

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இந்தத் தடவை உண்மையை எழுதிவிடுகிறேன்.

நான் குருமடத்தில் இல்லை. போன வருஷம் ஆவணியிலேயே வெளியே வந்துவிட்டேன். யாரும் துரத்தவில்லை. சண்டையும் இல்லை. ஒரு நாள் காலைப் பூசையில் முழங்காலில் இருந்தபோது, இது என் இடம் இல்லை என்று தெரிந்தது. அதிபர் சுவாமியிடம் சொன்னேன். "கட்டாயத்துக்குக் குரு ஆகிறவன் வேண்டாம், போய் வா" என்று தலையில் கை வைத்து அனுப்பினார். ஊருக்கு வரத்தான் ரயிலேறப் போனேன். அப்பா முகம் ஞாபகம் வந்தது. ராஜப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அவன் பட்டாளத்து ஸ்டோரில் ஒரு கிளார்க் வேலை பார்த்துக் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது என்று ஆபீசர் பயிற்சிக்கு மனுப் போடச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டிசம்பர் பதினெட்டு பயிற்சி முடிகிறது. அன்று பெரிய அணிவகுப்பு, அதன்பின் நான் செகண்ட் லெப்டினன்ட். எங்கே அனுப்புவார்களோ தெரியாது. எல்லோரும் பர்மா பக்கம் என்கிறார்கள்.

உன் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற நான் ஆளில்லை அக்கா. உடனே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போ. என்னை

(இதோடு நின்றுவிட்டது)


பெங்களூர்
25 அக்டோபர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு மாமனின் முத்தங்கள்.

டிசம்பர் 18 சனிக்கிழமை எனக்குப் பட்டம். காலை எட்டு மணிக்கு, மைதானத்தில். ஒருவருக்கு இரண்டு பேரைத்தான் அழைக்க அனுமதி. நீயும் மச்சானும் வாருங்கள். அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை, அத்தையிடம் விட்டுவிட்டு வா. வேண்டுதலை நினைத்துக் காத்திருக்காதே, சாமியார் சொல்கிறபடி உடனே ஊற்றிவிடு. மாதா கோபிக்க மாட்டாள். மற்றவை நேரில்.

உன் தம்பி
அருள்


சேசு மரி சூசை துணை

கடத்தூர்
14 நவம்பர் 1943

தம்பி அருள்நாத சுவாமிக்கு,

உன்னை இனி நீ என்று எழுதலாமா, நீங்கள் என்று எழுதவேண்டுமா என்று கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரைக் கேட்டேன். "எண்ணெய் பூசுற வரைக்கும் நீ, பூசுனப்புறம் நீங்க" என்றார். வாய் பழகட்டும் என்று இப்போதே நீங்கள் போடுகிறேன். சிரிக்காதீர்கள்.

தேதியைச் சொன்னதும் உபதேசியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "கிறிஸ்மசுக்கு முந்துன ஆகமன காலத்துச் சனிக்கெழம. சாமிப்பட்டம் குடுக்குற நாளேதான்" என்றார். அப்பா அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை, சந்தோஷத்தில். ஆனால் சாமியார் புருவத்தைத் தூக்குகிறார். பட்டம் வாங்குகிறவன் பேரைச் சொந்த ஊர்க் கோயிலில் முன்கூட்டி வாசிக்கவேண்டுமாம், அவருக்கு ஒரு தாளும் வரவில்லையாம். சண்டைக் காலம், தபால் தவறியிருக்கும் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

எனக்கும் நாலைந்து சந்தேகம் இருக்கிறது. கோயிலில் கொடுக்காமல் பட்டத்தை ஏன் மைதானத்தில் கொடுக்கிறார்கள்? கூட்டம் அதிகமா? குருப்பட்டத்துக்குக் கைக்குழந்தை ஏன் ஆகாது? சேசுவே குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள் என்றாரே. அப்பாவை வேண்டாம் என்றது எதனால்? பெற்ற அப்பனை விட்டுவிட்டு மச்சானைக் கூப்பிடுகிற பட்டம் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு மூட்டுவலி என்று நீங்கள் நினைத்துச் சொன்னதாக நானே ஒரு காரணம் கட்டி அவரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பினாரா இல்லையா தெரியவில்லை.

இன்னொன்று. சாமியார் சொல்கிறபடி உடனே ஊற்றிவிடு என்று எழுதினீர்கள். இன்னும் ஒரு மாசத்தில் உங்கள் கையே அபிஷேகமாகப் போகிறது. அப்புறம் எதற்கு வேறு கை? நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன். வாசலில் நிறுத்தினால் நிறுத்தட்டும். பட்டம் முடிந்து நீங்கள் வெளியே வந்ததும் முதல் வேலையாக இவள் தலையில் ஊற்றுங்கள்.

எண்ணெய் பூசியதும் புதுச் சாமியாரின் கையைக் கட்டுகிற வெள்ளைத் துணி தைத்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் சிலுவை போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோணல்தான்.

உங்கள் அக்காள்
லூர்தம்மாள்


பெங்களூர்
2 டிசம்பர் 1943

அக்காவுக்கு,

என்னை நீ என்றே எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

துணி எல்லாம் வேண்டாம். மொரப்பூரில் ஏறி ஜோலார்பேட்டையில் மாறுங்கள். பெங்களூரில் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது, சிட்டிக்குப் போய்விடாதீர்கள். அதற்கு முன்பே கன்டோன்மென்ட் வரும், அங்கே இறங்குங்கள். ராஜப்பன் வந்து நிற்பான். இங்கே குளிர், பாப்பாவைக் கொண்டு வராதே. நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நேரில் சொல்கிறேன். நேரில் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அருள்


கடத்தூர்
22 டிசம்பர் 1943

அருள்நாதனுக்கு,

பாப்பா பிழைத்துக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றபடி உனக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும், ஆகையால் நான் பட்டதையெல்லாம் நீ கேள்.

கரி பஸ்ஸில் மொரப்பூர் போவதற்குள் பாப்பா புகையில் இருமி இருமி முகம் சிவந்துவிட்டாள். ரயிலில் உட்கார இடம் இல்லை. ஓசூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, ராமக்காள் என்று பேர், நகர்ந்து இடம் கொடுத்தாள். எங்கே இறங்கணும் என்று கேட்டாள். கன்டோன்மென்ட் என்றேன். "தண்டு ஸ்டேஷனா? கன்னடத்துல தண்டுன்னா பட்டாளம்மா. பட்டாளத்துல யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்றாள். "பட்டாளத்துல யாரும் இல்லீங்க, எந்தம்பி சாமியாராவறான்" என்றேன். அவள் உன் மச்சான் முகத்தைப் பார்த்தாள், அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் நான் என்ன கண்டேன், பட்டாளத்து ஸ்டேஷன் பக்கத்தில் குருமடம் இருக்கக்கூடாதா?

ராஜப்பன் எங்களைக் கூட்டிப்போனவர் வழியெல்லாம் பேசவே இல்லை. சீக்காளி என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவன் பாப்பாவைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தான். குழந்தை அழுதால் உள்ளே கொடுக்கிற உத்தரவு காதில் விழாதாம். உன் மச்சானை மட்டும் விடுகிறேன் என்றான், அவர் போகவில்லை. நாங்கள் வேலி ஓரமாக நின்றோம். காக்கி உடுப்பில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள், பேண்டு அடித்தது, குதிரைமேல் ஒரு துரை வந்தான். சரி, இது வேறு ஏதோ பட்டாளத்துக் கூத்து, முடிந்ததும் சாமியார்கள் சுற்றுப்பிரகாரமாக வருவார்கள் என்று நான் பாப்பாவுக்குப் பராக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி ஆயிற்று. அந்தக் காவல்காரன் தமிழ் பேசுகிறவன். "ஏனுங்க, சாமிங்க எப்பங்க வருவாங்க?" என்று கேட்டேன். "எந்த சாமி?" என்றான். உன் பேரைச் சொன்னேன். "அருள்நாதனா? அதோ, மூணாவது வரிசையில ரெண்டாவது ஆளு" என்றான்.

நான் மறுபடியும் பார்த்தேன். நீதான். அப்போதும் எனக்குப் புரியவில்லை. நாடகம் போடுகிறீர்களோ என்று நினைத்தேன். உன் மச்சான்தான் "வா, போலாம்" என்றார். அவருக்கு ராஜப்பன் முந்தின ராத்திரியே சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் பாப்பாவுக்கும்தான் தெரியவில்லை.

நீ ஸ்டேஷனுக்கு ஓடிவந்து "பட்டம்னுதானே எழுதினேன் அக்கா, பொய் எழுதலையே" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே உன்னை ஓங்கி அறைந்திருக்கவேண்டும். நம் வீட்டில் பட்டம் என்றால் எந்தப் பட்டம் என்று உனக்குத் தெரியாதா?

அதற்குள் பாப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, உதடு நீலமாகி. உன் மச்சான் டாக்டரைத் தேடி ஓடினார். அதன்பின் நடந்ததை இப்போது எழுத என்னால் முடியவில்லை. டாக்டர் வந்து வெந்நீரில் வைத்து மருந்து கொடுத்தபின் மூச்சு சரியாக வந்தது. இன்னும் அரை மணி போயிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார்.

நான் தைத்த துணி பாப்பா கக்கியதைத் துடைக்க உதவியது.

லூர்தம்மாள்


பெங்களூர்
3 ஜனவரி 1944

அக்கா,

நீ அறையவேண்டியதுதான். நான் பொய் எழுதவில்லை என்று சொன்னதைப்போல் பெரிய பொய் வேறு இல்லை. நீ தப்பாகப் புரிந்துகொள்வாய் என்று தெரிந்தேதான் அந்த வார்த்தையைப் போட்டேன். கடிதத்தை மடிக்கும்போதே தெரியும். நீ நேரில் வந்து உடுப்பைப் பார்த்துவிட்டால், நான் வாயைத் திறந்து சொல்லவேண்டிய அவசியம் இருக்காது என்று இருந்தேன். மூன்று மாதமாகத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கு வேண்டிய தைரியத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வேலிக்கு வெளியே உன்னை நான் பார்த்தேன். தலை திருப்பக்கூடாது, ஆனால் பாப்பாவின் அழுகை கேட்டது. காலை மாற்றி வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் திட்டினான்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். கிழக்கே. வேறு எழுதக்கூடாது. அப்பாவிடம் சொல்லிவிட்டாயா?

அருள்


கடத்தூர்
20 பிப்ரவரி 1944

தம்பிக்கு,

உறைமேல் எழுதியிருக்கிற பட்டாளத் தபால் நம்பர் ராஜப்பன் அனுப்பியது. இது உன் கைக்கு வருமா என்று தெரியாது. கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒரு அவசரக் காரியம், அதற்கு உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஊருக்குத் திரும்பிய அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மகன் செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

காரியம் இதுதான். பாப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிப்போனேன். ஸ்டேஷனில் நீ தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். சாமியார் திட்டவில்லை. "சாவு ஆபத்துல யாரு ஊத்துனாலும் ஞானஸ்நானம்தான். ஆம்பள, பொம்பள, பட்டாளத்தான் யாரானாலும் சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் விசாரணை ஆரம்பித்தார். தண்ணீர் தலையில் ஓடியதா? ஓடியது, உன் இடுப்பில் தொங்கிய பாட்டிலிலிருந்து. ஊற்றும்போதே சொல்லவேண்டியதைச் சொன்னானா? உதடு அசைந்தது. என்ன சொன்னான்?

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நான்தான் பாப்பாவை உன் கையில் திணித்து "ஊத்துடா, ஊத்துடா" என்று கத்தினேன். நீ ஊற்றின நேரம் பார்த்து அந்தப் பட்டாள ரயில் உள்ளே வந்தது. விசில், நீராவி, ஆட்கள் கூச்சல். என் காதில் ஒரு எழுத்து விழவில்லை. அப்புறம் டாக்டர், மருந்து, நம் சண்டை. கேட்கவே தோன்றவில்லை.

வார்த்தை சரியாகச் சொன்னானா என்று தெரியாவிட்டால், "நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்" என்று ஒன்றைச் சேர்த்து மறுபடியும் ஊற்றுவாராம். பேரும் புதிதாக நான் சொல்லவேண்டுமாம். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெற்றதா பெறாததா என்றே தெரியாமல் ஊற்றுகிறது என்ன தண்ணீர்? நீ ஒரு பேர் சொல்லியிருந்தால் அது சர்வேசுரனுக்குத் தெரியும். நான் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால், மேலே ஒரு பேர், கீழே ஒரு பேர் என்று இவள் அல்லாடுவாளா? ஐந்து மாசம் ஆகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஈஸ்டர் வரை பொறுக்கிறேன் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். மறுதபாலில் எழுது. என்ன சொன்னாய்? என்ன பேர் வைத்தாய்? ஒன்றுமே சொல்லாமல் வெறும் தண்ணீர்தான் ஊற்றினாய் என்றால் அதையும் எழுது. இந்தத் தடவை நேராக எழுது.

அக்காள்
லூர்தம்மாள்


கடத்தூர்
2 ஏப்ரல் 1944

தம்பிக்கு,

பதில் இல்லை. நம் ஜில்லாவில் இரண்டு வீட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது என்கிறார்கள். தபால்காரர் தர்மன் எதிரில் வந்தால் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். அவர் கடிதம் வைத்திருந்தால் வேண்டும், தந்தி வைத்திருந்தால் வேண்டாம். இப்போது பேருக்காகக் கேட்கவில்லை. ஒரு வரி எழுது, போதும்.

லூர்தம்மாள்


ஓரிடம்
18 ஏப்ரல் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. நான் இருக்கிறேன். இடது கையில் சின்னக் காயம், எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. இங்கே நாலு நாளாக மழை.

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

வார்த்தைகளைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ஆறு வருஷம் லத்தீன் படித்தவன், அன்று ஒரு லத்தீன் வார்த்தை வாயில் வரவில்லை. சின்ன வயசில் ஞான உபதேசத்தில் மனப்பாடம் பண்ணிய தமிழ்தான் வந்தது. பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொன்னேன். மூன்று தடவை ஊற்றினேன். மூன்றாவது தடவை பாதி உன் சேலையில் விழுந்தது. இதில் சந்தேகம் இல்லை. சாமியாரிடம் அப்படியே சொல்.

நான் குரு ஆகத் தகுந்தவன் இல்லை என்றுதான் வெளியே வந்தேன். அந்த ஒரு நிமிஷம் அதெல்லாம் ஞாபகமே இல்லை. இவள் செத்துவிடக்கூடாது, செத்தாலும் வெளியே நிற்கக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

பேர். வார்த்தைக்கு முன்னால் பேர் சொல்லவேண்டும் என்று தெரியும். யோசித்து வைத்திருந்த பேர்கள் இருந்தன. நீ கேட்டதும் அக்டோபரிலேயே நாலைந்து எழுதி வைத்தேன். ஒன்றும் வரவில்லை. நீ எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு வாயில் வந்த பேர் உன் பேர்தான். லூர்தம்மாள் என்று சொல்லித்தான் ஊற்றினேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பேர் வைத்துவிட்டேன். மச்சான் பாடு திண்டாட்டம்தான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஜனவரியில் எழுதாமல் விட்டேன். மன்னித்துக்கொள்.

அருள்


சேசு மரி சூசை துணை

கடத்தூர்
14 மே 1944

தம்பிக்கு,

உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் வந்தது. நல்லவேளை, சாமியாரும் பொறுத்திருந்தார். தர்மன் வாசலில் நின்று "கடுதாசிதாம்மா, பயப்படாதீங்க" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

பேரைப் படித்ததும் அழுதேன், அப்புறம் சிரிப்பு வந்தது. உன் மச்சான் நேற்று "லூர்து, சோறு போடு" என்றார், இவள் கையைத் தட்டிச் சிரிக்கிறாள். இருக்கட்டும். இவளைச் சின்ன லூர்து என்றே கூப்பிடுகிறோம்.

இன்று பூசை முடிந்து பதிவுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை, பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். சாமியார் உன் கடிதத்தை முழுக்கப் படித்தார், உரக்கவே படித்தார். மறுபடி ஊற்றவேண்டியதில்லை, இது சரியான ஞானஸ்நானம்தான் என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தார். பிள்ளை பேர், தகப்பன் பேர், தாய் பேர் எழுதினார். கொடுத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. இதுவரை அந்தப் பத்தியில் சாமியார்கள் பேர் தவிர வேறு எதுவும் இல்லை. என்ன போடட்டும் என்று என்னைக் கேட்டார். "அருள்நாதன், புள்ளைக்கி மாமன்னு போடுங்க சாமி" என்றேன். போட்டார்.

சாட்சி யார் என்றார். ஸ்டேஷனில் நானும் நீயும்தானே இருந்தோம், தாய் சாட்சி ஆகமாட்டாளாம். கடிதத்தைப் பார்த்து, இது அவன் கையெழுத்துத்தான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் உன் மச்சானைப் பார்த்தேன்.

அப்பா கதவோரத்திலிருந்து வந்தார். கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மையில் பெருவிரலைத் தோய்த்துக்கொண்டார். "பேர் சொல்லுங்க" என்றார் சாமியார்.

"எம்பேரு எதுக்குங்க சாமி" என்றார் அப்பா. "தண்ணி ஊத்துனவனுக்கு அப்பன்னு எழுதுங்க."

உன் அக்காள்
லூர்தம்மாள்